எட்ட நின்று சுடுவதும் வேட்டையா?

கேள்வி: அமெரிக்க மலைப்பகுதியில் ஒருவர் எல்க் மானை 900 மீட்டருக்கு அப்பாலிருந்து ஒரே தோட்டாவில் வீழ்த்தும் காணொளியைக் கண்டேன். இது திறமையா, அறமீறலா? – ஒரு வாசகர், கோவை.

பதில்: திறமை இல்லாமல் அது நடக்காது. ஆனால் அது குறிபார்த்துச் சுடும் திறமை. மோப்பம் எட்டாதபடி காற்றுக்கு எதிர்முகமாக ஊர்ந்து விலங்கை நெருங்கும் வேட்டைத் திறமை அன்று.

தூரத்தை லேசர் கருவி சொல்லிவிடும். தோட்டா எவ்வளவு தாழும் என்பதையும் கணித்து, துப்பாக்கி மேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் திருகை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம். பிடிபடாதது காற்றுதான். சுடுபவரின் காலடியில் புல் அசையாமலிருக்க, நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் அது குறுக்கே வீசிக்கொண்டிருக்கும். எல்கின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ 40 செ.மீ. அகலமே என்பதால், அந்தத் தொலைவில் காற்றின் வேகத்தை மணிக்கு 5 கி.மீ. பிசகிக் கணித்தாலே தோட்டா நெஞ்சை விட்டுக் குடலில் பாய்ந்துவிடக்கூடும். குடலில் அடிபட்ட விலங்கு ஓடி ஒளிந்து, பல மணி நேரம் துடித்துச் சாகும். மேலும், தோட்டா போய்ச் சேர ஒரு வினாடிக்கு மேலாகிறது. அதற்குள் மேய்கிற மான் ஓரடி எடுத்து வைத்தால் சுட்டவரின் தேர்ச்சியால் ஆவது ஒன்றுமில்லை.

பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய வேட்டைக்காரர் சங்கமான பூன் அண்ட் கிராக்கெட் கிளப், விலங்கு தன் புலன்களால் ஆபத்தை உணரும் வாய்ப்பையே பறிப்பதால் இத்தகைய சுடுதல் முறையற்றது என்கிறது. ஆனால் இத்தனை மீட்டர் என்று எல்லை வகுக்காமல் வேட்டைக்காரரின் நோக்கத்தையே அளவாகக் கொள்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலமோ, நெடுந்தொலைவு சுடுவதற்கான கனத்த துப்பாக்கிகளுக்கு இடமில்லாதபடி, பெருவிலங்கு வேட்டைத் துப்பாக்கி ஸ்கோப் உட்பட 16 பவுண்டுக்கு (சுமார் 7.3 கிலோ) மேல் இருக்கக்கூடாது என்று விதித்திருக்கிறது.

நோக்கத்தை யார் அளப்பது? என் அளவுகோல் எளியது: இன்னும் சுட்டுச் சூடேறாத குளிர்ந்த குழலிலிருந்து, மூச்சிரைக்க மலையேறிய உடம்போடு சுடும் முதல் குண்டு எந்தத் தூரம்வரை தவறாமல் குறியில் படுகிறதோ, அதுவே ஒருவரின் எல்லை. பயிற்சித் திடலில் இரண்டு குண்டு சுட்டுத் திருத்திக்கொண்டு மூன்றாவதை நடுவில் பதிப்பது கணக்கில் சேராது.

தவறியதாகத் தோன்றினாலும் மான் நின்ற இடத்துக்குப் போய் இரத்தச் சுவடு தேடுவது வேட்டைக்காரரின் கடமை. அத்தனை தொலைவில், பள்ளத்தாக்கைச் சுற்றிக் கடந்து எதிர்ச்சரிவை அடைவதற்குள் அந்தி சாய்ந்துவிடலாம். மான் எந்தப் புதரருகே நின்றது என்பதும் மறந்திருக்கலாம்.