பிடித்த மாயாஜால நாவல் படமாகிறது என்றாலே ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? உங்களுக்கும் உண்டா?

உண்டு. ஆனால் எதையெல்லாம் வெட்டிவிடுவார்களோ என்ற பதற்றம் இல்லை. வெட்டத்தான் செய்வார்கள், ஐந்நூறு பக்கத்தை மூன்று மணி நேரத்தில் அடைக்க வேறு வழி கிடையாது. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் முதல் படத்தில் (2001) டாம் பாம்படில் என்கிற பாட்டுக்காரக் காட்டுவாசியை மொத்தமாகத் தூக்கிவிட்டார் பீட்டர் ஜாக்சன். எனக்குப் பிடித்த ஆள்தான், ஆனாலும் கதை எங்கும் தட்டவில்லை. சொல்லப்போனால் நாவலைவிட நன்றாக வந்த இடமே அதில் உண்டு: நாயகர்களோடு பயணம் போகும் வீரன் போரமிர் சாகும் இடம். புத்தகத்தில் அந்தச் சண்டை நம் கண்ணில் படாது. கூட வந்த அரகோர்ன் போய்ச் சேரும்போது போரமிர் உடம்பெல்லாம் அம்போடு மரத்தில் சாய்ந்து கிடப்பான். படத்தில் ஒவ்வோர் அம்பையும் நாம் எண்ணலாம்.

என் பயமெல்லாம் ஆளையே மாற்றிவிடுவார்களோ என்பதுதான். அடுத்த படத்திலேயே (2002) அது நடந்தது. ஃபராமிர், போரமிரின் தம்பி. ஆசைப்படுகிறவர்களைக் கெடுத்துவிடும் மந்திர மோதிரம்தான் கதையின் மையம். அண்ணனைக் கெடுத்த அந்த மோதிரம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும்போது, வழியில் கிடந்தாலும் எடுக்க மாட்டேன் என்பான் நாவலில், அப்படியே விட்டும்விடுவான். படத்தில் அதே ஆள், மோதிரத்தைச் சுமந்து வரும் ஃப்ரோடோவை ஆஸ்கிலியத் என்கிற நகரம் வரை இழுத்துக்கொண்டு போய், அப்புறம்தான் மனம் மாறுகிறான். திரைக்கதை எழுதியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தொட நினைப்பவனைக்கூடக் கெடுக்கிற மோதிரம் என்று அத்தனை நேரம் பயம் காட்டிவிட்டு, ஒருவன் வந்து "எனக்கு வேண்டாம்" என்றால் அந்தப் பயம் புஸ்ஸென்று போய்விடும். சரி, புரிகிறது. ஆனாலும் எனக்குத் தெரிந்த ஃபராமிர் அவன் இல்லை. "புக்ல இப்படி இல்லடா" என்று நான் காதருகே புலம்பிய புலம்பலில், இடைவேளைக்குப் பிறகு என் நண்பன் இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

இதைவிடப் பெரிய அடி வாங்கிய நாவல் ஒன்று உண்டு. நம் ஊரில் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ'. முழுக்க முழுக்கத் தீவுகளால் ஆன உலகம். ஹாரி பாட்டருக்கு 29 வருடம் முன்பே மந்திரவாதிப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்த கதை. நாயகன் பெயர் கெட். (நம் எழுத்தில் எழுதினால் ஏதோ கெட்டுப்போனது மாதிரி இருக்கிறது, என்ன செய்ய.)

கல்லூரியில் படிக்கும்போது பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு பிரதியை வாங்கிப் படித்தேன். முதல் அத்தியாயத்தில் கெட்டின் ஊரைக் கொள்ளையடிக்க வருகிறவர்கள் வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியுமாக இருப்பார்கள். அதைப் படித்தும் எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது அத்தியாயத்தில் வெட்ச் என்று ஒரு நண்பன் வருகிறான். அவன் கருப்பு, கெட் மாதிரி செம்பழுப்பு இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி. நான் அங்கேயே நின்றுவிட்டேன். அதுவரை என் தலைக்குள் ஒரு வெள்ளைக்காரப் பையன்தான் நடந்துகொண்டிருந்தான்! யாரும் சொல்லவில்லை, நானாகவே அப்படி வைத்துக்கொண்டேன். என் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு நாயகனை நானே வெள்ளையடித்து வைத்திருந்தேன் என்பது சங்கடமாக இருந்தது. லெ குவின் அந்த நிறங்களைத் தெரிந்தேதான் வைத்திருந்தார்.

2004-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதை இரண்டு பாகக் குறுந்தொடராக எடுத்தார்கள். கெட்டாக வந்தவர் ஒரு வெள்ளை இளைஞர். லெ குவின் கோபமாக ஒரு கட்டுரையே எழுதினார். உரிமையை விற்ற பிறகு எழுத்தாளர் பேச்சு எடுபடாது என்பது அதைப் படித்தால் தெரியும்.

நிறமாவது எல்லாரும் பேசிய விஷயம். எனக்கு அதைவிட வலித்தது பெயர். எர்த்ஸீயில் மந்திரம் என்பதே பெயர்தான். எந்தப் பொருளுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அது தெரிந்தவன் அதை ஆள்வான். மனிதர்களும் உண்மைப் பெயரை ஒளித்து வைத்துக்கொண்டு, கூப்பிடுகிற பெயர் ஒன்றோடு திரிவார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடத் தாத்தா பெயரைச் சொல்லாமல் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிய எங்கள் ஆச்சிக்கு இந்த உலகம் சட்டென்று புரிந்திருக்கும். நாவலில் 'கெட்' என்பது ஒளித்து வைத்த உண்மைப் பெயர். ஊர் கூப்பிடுவது 'ஸ்பாரோஹாக்'. தொடரில் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார்கள். கண்ட கண்டவர்கள் எல்லாம் "கெட், கெட்" என்று கூப்பிடுகிறார்கள். செலவு குறைக்கவும் இல்லை, நேரம் மிச்சமாகவும் இல்லை. எதற்காக மாற்றினார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எதிர்பார்ப்பு உடைந்த கதையும் இதே நாவல் வரிசைக்கு உண்டு. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி பல வருடங்களுக்கு முன்பே இதைப் படமாக்க அனுமதி கேட்டிருந்தார். அவர் யாரென்று தெரியாததால் லெ குவின் மறுத்துவிட்டார். பிறகு மியாசாகியின் 'டோட்டோரோ' படத்தைப் பார்த்து மனம் மாறி அவர் சம்மதித்தபோது, படத்தை எடுத்தது மியாசாகியின் மகன் கோரோ. 2006-ல் வந்தது. இளவரசன் அரென் தன் அப்பாவைக் கத்தியால் குத்துவதோடு படம் தொடங்கும். நாவலில் அப்படி ஒன்று கிடையாது. படத்திலும் ஏன் குத்தினான் என்பதற்கு உருப்படியான காரணம் கிடையாது. இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம் என்று லெ குவின் கோரோவிடம் சொன்னாராம். கோரோ அதை வெளியே சொல்லிவிட, அம்மையார் தன் முழு அபிப்பிராயத்தையும் எழுதிவிட்டார். மரியாதைக்குச் சொன்னதை விளம்பரத்துக்கு எடுத்தால் அப்படித்தான்.

இனி யாராவது எடுத்தால் டிராகன் எப்படி இருக்கிறது என்று நான் பார்க்க மாட்டேன், அதெல்லாம் இன்று யாரும் செய்துவிடுவார்கள். நான் காத்திருப்பது ஒரே ஒரு காட்சிக்கு. வீம்புக்கு மந்திரம் செய்து ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிட்டு, முகமெல்லாம் தழும்போடு ஒடுங்கிப் போயிருப்பான் கெட். அவனைக் காப்பாற்றப் போய்த் தலைமை மந்திரவாதி செத்தே போயிருப்பார். அப்போது பள்ளியை விட்டுக் கிளம்பும் வெட்ச் விடைபெற வருவான். வந்தவன், தன் பெயர் எஸ்டாரியோல் என்று சொல்வான். கேட்காமலே. கெட் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, தன் பெயரை மெதுவாகத் திருப்பிச் சொல்வான். பின்னணி இசை எதுவும் வேண்டாம். இரண்டு பையன்கள் பெயர் சொல்லிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.