எஸ்.டி.ஆர். வேலையிலிருந்து டீல் முடிக்கும் வேலைக்கு எப்படிப் போவது?

கேள்வி இதுதான்: “திருகோணமலையில் வீட்டிலிருந்தபடியே கொழும்பு மென்பொருள் கம்பனி ஒன்றுக்கு ஒன்றரை வருடமாக எஸ்.டி.ஆர். வேலை செய்கிறேன். மாதா மாதம் டார்கெட்டைத் தொடுகிறேன். ஆனாலும் டீல் முடிக்கும் பொறுப்பைத் தருகிறார்கள் இல்லை. என்ன செய்யலாம்?”

எஸ்.டி.ஆர். என்றால் வாங்கக்கூடியவர்களைத் தேடிப் பிடித்து மீட்டிங் எடுத்துக் கொடுக்கும் விற்பனை வேலை. நானும் இதே ஊரில் இதே வேலையைச் செய்தவள். உவர்மலையில் எங்கள் வீட்டு முன் அறையில் ஒரு மேசை, ஒரு ஹெட்செட். ஹோட்டல்களுக்கு அறைப் பதிவும் பில்லும் பார்க்கும் மென்பொருளை விற்கும் கம்பனி. ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது கோல் எடுப்பேன். தேவை இருக்கிறவரைக் கண்டுபிடித்து, மீட்டிங் நேரம் குறித்து, கொழும்பில் இருக்கும் அக்கவுண்ட் எக்ஸிகியூட்டிவ்விடம் ஒப்படைப்பேன். அதோடு என் வேலை முடிந்தது. டெமோ காட்டுவது, விலை பேசுவது, கையெழுத்து வாங்குவது எல்லாம் அவர்கள். 2000களின் தொடக்கத்தில் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் கம்பனி இப்படி வேலையைப் பிரித்துச் செய்தது. பிறகு மென்பொருள் விற்பனை முழுக்க அந்த முறை பரவியது. கம்பனிக்கு அது நல்லது. ஆனால் ஒப்படைத்த மீட்டிங்குக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது எஸ்.டி.ஆருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. உங்கள் பிரச்சினையின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒன்றே முக்கால் வருடமானபோது எங்கள் அணியில் டீல் முடிக்கும் ஒருவர் விலகினார். அந்த இடம் எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். வெளியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மேலாளரை அழைத்து, “என்னிடம் என்ன குறை, ஒளிக்காமல் சொல்லுங்கோ” என்று கேட்டேன். அவர் சொன்னது: “மீட்டிங் எடுக்க உங்களுக்குத் தெரியும். எந்த மீட்டிங் காசாகும், எது ஆகாது என்று சொல்லத் தெரியுமா? எனக்குத் தெரியாது, நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.”

அன்று பின்னேரமே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். நான் எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் ஒரு வரி. ஹோட்டலின் பெயர், எத்தனை அறை, நான் யாரோடு கதைத்தேன், இது முடியுமா முடியாதா, எந்த மாதம், ஏன் அப்படி நினைக்கிறேன். மீட்டிங்குக்கு முன்பே பேனாவால் எழுதிவிடுவேன், பிறகு திருத்த மாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் அந்த டீலைப் பார்க்கும் ஆளிடம் பத்து நிமிடம் கேட்டு, நடந்ததைப் பக்கத்தில் எழுதுவேன். மூன்று மாதத்தில் முப்பத்தொரு வரி சேர்ந்தது. அதில் பன்னிரண்டு முடியும் என்று எழுதியிருந்தேன். முடிந்தது ஐந்து.

பிழையாகிப்போன ஏழு வரியையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஏழிலும் நான் கதைத்த ஆள் வேறு, காசு கொடுக்க வேண்டிய ஆள் வேறு. கேட்கவேண்டிய நான்கு விஷயங்கள் என்று எல்லா எஸ்.டி.ஆருக்கும் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள்: காசு இருக்கிறதா, முடிவெடுப்பவர் யார், தேவை என்ன, எப்போது வேண்டும். ‘பான்ட்’ என்பார்கள், ஐபிஎம் காலத்திலிருந்து வரும் பழைய முறை. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். “முடிவெடுப்பது நீங்களா?” என்றால் எல்லாரும் “ஓம்” என்றுதான் சொல்வார்கள். ஒரு மேனேஜரிடம் அப்படிக் கேட்டால் அவர் இல்லையென்று சொல்வாரா? இப்போது நான் வேறு மாதிரிக் கேட்கிறேன்: “போன வருசம் ஏசி மாற்றினீங்களே, அதுக்கு யாரிட்டக் கேட்டனீங்கள்?”

நிலாவெளியில் பதினான்கு அறை ஹோட்டல் ஒன்று. மேனேஜருக்கு எங்கள் மென்பொருள் நன்றாகப் பிடித்திருந்தது, மூன்று முறை டெமோ பார்த்தார். ஒவ்வொரு முறையும் “நல்லாத்தான் இருக்குது பிள்ளை, யோசிச்சுச் சொல்லுறன்” என்பார். கொப்பிப் பாடம் படித்த பிறகு ஏசிக் கேள்வியை அவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: “காசு போட்டது என்ர அத்தான். ரொறன்ரோவில இருக்கிறார். அவரிட்டக் கேக்காமல் இஞ்ச ஒரு கதிரையும் வாங்கேலாது.”

அது பெப்ரவரி. ஞாயிறு இரவு இங்கே எட்டு மணிக்கு அவரை அழைத்தோம், அங்கே காலை ஒன்பதரை. மூன்று டெமோவிலும் நாங்கள் காட்டியது ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும் பிரச்சினையை எப்படித் தவிர்ப்பது என்பதை. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “நான் இஞ்ச இருந்தபடி நேற்று எவ்வளவு காசு வந்தது எண்டு பார்க்கலாமோ?” அந்த அறிக்கை எங்கள் மென்பொருளில் இருந்தது, ஒரு கிளிக். யாரும் காட்டவே இல்லை. பத்து நாளில் கையெழுத்தானது. பேரம் பேசி முடித்தது என் பெயரில் இல்லை. ஆனாலும் அந்தக் கோலை ஏற்பாடு செய்தது யார் என்று மேலாளருக்குத் தெரியும்.

இந்த ஊரில் இப்படி எத்தனையோ இருக்கின்றன. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கட்டிடம் இங்கே, காசு லண்டனிலோ ரொறன்ரோவிலோ. கொழும்பில் இருக்கிற ஆளுக்கு இது சட்டென்று பிடிபடாது. உங்கள் பலம் இதில் இருக்கிறது, அதை மேலாளருக்குக் காட்டுங்கள்.

அப்புறம் கொப்பியை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். பதவி கேட்கவில்லை. எட்டு அறைக்குக் குறைந்த கெஸ்ட் ஹவுஸ்களை மட்டும் தொடக்கம் முதல் கையெழுத்து வரை நானே பார்க்கிறேன் என்றேன். பெரிய டீல் வைத்திருப்பவர்கள் அந்தச் சின்னவற்றைத் தொடுவதே இல்லை, கம்பனிக்கு இழக்க ஒன்றும் இல்லை. என் மீட்டிங் டார்கெட்டைக் குறைக்கவும் கேட்கவில்லை. மூன்று மாதம் இரட்டை வேலை, கஷ்டம்தான். ஆனால் இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

முதல் டீல் உப்புவெளியில், ஆறு அறை. ஓனர் அறுபது வயது ஐயா ஒருவர். விறாந்தையில் உட்கார்ந்து கதைத்தோம். கடல் காத்துக்குப் பதிவுப் புத்தகத்தின் தாள்கள் புரண்டுகொண்டே இருந்தன, கண்ணாடிக் கூட்டை எடுத்து மேலே வைத்தார். விலை கேட்டார். “மாதம் 15,000 ரூபா, வற் 18 வீதத்தோடு 17,700” என்றேன். வரியைச் சேர்த்தே சொல்லுங்கள். 2024 ஜனவரியில் வற் 18 வீதமானது. வற் பதிவு இல்லாத சின்ன இடங்கள் அந்தக் காசைத் திருப்பிக் கழிக்க முடியாது, அவர்களுக்கு அது செலவேதான். பிறகு பில்லில் பார்த்து அதிர்ந்தால் நம்பிக்கை போய்விடும்.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். போனில் கதைத்தே பழகிய நமக்கு இதுதான் பெரிய கஷ்டம். கோலில் மூன்று விநாடி அமைதி வந்தால் ஆள் போய்விடுவார் என்று நாம் உடனே ஏதாவது சொல்லிப் பழகிவிட்டோம். விலை சொன்ன இடத்தில் அதே பழக்கம் விலைக்கழிவாக வெளியே வரும், அவர் கேட்காமலே. ஐயா கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். பிறகு அவராகவே சொன்னார்: “போன ஆகஸ்ட்ல ஒரே அறையை ரெண்டு குடும்பத்துக்குக் குடுத்திட்டம் பிள்ளை. ஒரு குடும்பத்தைப் பக்கத்து ஹோட்டல்ல என்ர காசில வச்சனான்.” அதற்குப் பிறகு நான் விளக்க எதுவும் இருக்கவில்லை. “அட்வான்ஸ் எவ்வளவு?” என்று கேட்டார்.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கரையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. சீசன் நடுவில் ஓனரிடம் காசு இருக்கும், நேரம் இருக்காது. மாரியில் நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. நான் மாரியில் கதைக்கத் தொடங்கி, பெப்ரவரி, மார்ச்சில் கையெழுத்து வாங்கி, சித்திரைப் புத்தாண்டுக்கு முன் ஊழியர்களுக்குப் பழக்கிக் கொடுத்துவிடுவேன். உங்கள் வாடிக்கையாளர்கள் ஹோட்டல்காரர்கள் இல்லையென்றாலும் அவர்களுக்கும் இப்படி ஒரு காலம் இருக்கும். எந்த மாதம் முடியும் என்று கொப்பியில் எழுத அது தெரியவேண்டும்.

சிங்களமும் பழகுங்கள். மீட்டிங் எடுக்க அரைகுறைச் சிங்களம் போதும். விலையும் நிபந்தனையும் பேச அது போதாது. நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பொறுப்பைத் தருகிறோம் என்று சொன்னால் சந்தோஷத்தில் உடனே தலையாட்ட வேண்டாம். டீல் முடிக்கும் வேலையில் அடிப்படைச் சம்பளத்தின் பங்கு குறைந்து கொமிஷனின் பங்கு கூடுவது வழக்கம், பல இடங்களில் பாதிக்குப் பாதி. அடிப்படையைக் குறைக்கிறார்களா என்று பாருங்கள். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) உங்கள் பக்கம் 8 வீதம், கம்பனி பக்கம் 12 வீதம், ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், இவற்றை எந்தத் தொகையில் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். கொமிஷன் கையெழுத்தன்றா, காசு வந்த பிறகா? வாடிக்கையாளர் மூன்றாம் மாதம் விலகினால் திருப்பி எடுப்பார்களா? முதல் மூன்று மாதம் டார்கெட் முழுதாகவா, படிப்படியாகவா? எல்லாம் கடிதத்தில் வரட்டும்.

கொப்பியை இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் கம்பனியின் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்றால், புது டார்கெட்டுகளைப் பிரிக்கும் பேச்சு பெப்ரவரியிலேயே ஆரம்பித்துவிடும். அதற்குள் மூன்று மாத வரிகள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.