பழைய கூப்புச் சாலை வழியே வாலஸ் ஏரிக்கு: கேள்வி பதில்

அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் வசிக்கும் நம்மவர்கள் சிலர், கோல்ட் பார் என்னும் சிற்றூரை ஒட்டியுள்ள வாலஸ் அருவி மாநிலப் பூங்காவுக்குள் இருக்கும் வாலஸ் ஏரிக்கு நடந்து செல்வது பற்றிக் கேட்டிருந்தார்கள். பல பருவங்களில் அங்கே போய் வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அருவியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஏரிக்கு எவ்வளவு தூரம்? வழி எப்படி இருக்கும்? (ரெட்மண்ட் வாசகர்)

போக வர ஏறத்தாழ 8 மைல். ஏற்றம் சுமார் 1,500 அடி. ஏரி கடல் மட்டத்திலிருந்து 1,800 அடிக்குச் சற்று மேலே இருப்பதால், இங்குள்ளவர்கள் கணக்கில் அது தாழ்நில ஏரிதான். மலையுச்சி ஏரிகள் ஜூலை வரை பனியில் கிடக்கும்போதும் இங்கே பெரும்பாலும் போய் வந்துவிடலாம். தொடக்கத்தில் உயர் மின்னழுத்தக் கம்பிகளின் கீழே நடக்க வேண்டும். மழை நாளில் அந்தக் கம்பிகள் வண்டுபோல் ரீங்கரிக்கும்; அஞ்ச வேண்டாம். பிறகு பழைய இரயில் தடம், அதன்பின் கிரெக் பால் பெயரிலான காட்டுப் பாதை, கடைசி அரை மைல் அளவுக்கு மரம் வெட்டுவதற்குப் போட்ட சரளைச் சாலை, அதாவது கூப்புச் சாலை. வாஷிங்டன் டிரெயில்ஸ் அசோசியேஷன் என்னும் அமைப்பில், தன்னார்வலர்களைத் திரட்டி நடைபாதைகளைப் பராமரிக்கும் பணியை 1993-இல் தொடங்கியவர் அந்த கிரெக் பால். வண்டி நிறுத்த டிஸ்கவர் பாஸ் என்னும் மாநில அனுமதிச்சீட்டு வேண்டும்; ஒரு நாளுக்கு 10 டாலர். வார இறுதியில் ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுங்கள், இடம் கிடைக்காது.

திருச்சியிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வயது 66, முழங்கால் வலி உண்டு. அழைத்துப் போகலாமா? (போதல் வாசகி)

ஏரி வரை வேண்டாம் அம்மா. ஆனால் பழைய இரயில் தடத்தில் அவர் தாராளமாக நடக்கலாம். நம் ஊர் மலைக்காடுகளில் வனத்துறை மரம் வெட்ட ஒதுக்கிய இடத்தைக் கூப்பு என்றும், அங்கு போகும் வழியைக் கூப்பு ரோடு என்றும் சொல்வார்களே, அதற்கு இங்குள்ள மூதாதை இந்த இரயில் தடம்தான். லாரிகள் வருவதற்கு முன்பு அடிமரங்களை இரயிலில் ஏற்றித்தான் கீழே இறக்கினார்கள். பாரம் ஏற்றிய இரயில் செங்குத்தான சரிவைத் தாங்காது என்பதால், மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, ஏற்றம் தெரியாதபடி தடம் வெட்டினார்கள். தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எஞ்சின் மூச்சு வாங்கக்கூடாது என்று அன்று பார்த்துப் பார்த்து வெட்டிய சரிவு, இன்று உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு உதவுகிறது. வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே சிரமம். ஆகவே இரண்டு ஊன்றுகோல்களை வீட்டிலேயே அவர் உயரத்துக்குச் சரிசெய்து எடுத்துச் செல்லுங்கள். கழிப்பறை வண்டி நிறுத்துமிடத்திலேயே இருக்கிறது.

போன முறை வேறொரு காட்டில் இதுபோன்ற கூப்புச் சாலையில் வழி தவறினோம். அகலமான சாலையில்கூட எப்படி வழி தவறுகிறது? (கர்க்லாண்ட் வாசகர்)

அகலமாக இருப்பதால்தான் தவறுகிறது. ஒற்றையடிப் பாதை என்றால் காலுக்குக் கீழே பார்த்து நடப்போம். சாலை என்றால் பேச்சில் மூழ்கிவிடுவோம். இந்தச் சாலைகள் ஏரிக்குப் போக எண்ணிப் போட்டவை அல்ல, மரத்தை எடுக்கப் போட்டவை. ஆகையால் ஒரு தாய்ச்சாலையிலிருந்து விசிறி மட்டைபோல் கிளைகள் பிரிந்து, ஒவ்வொன்றும் மரங்களைக் குவித்து வைத்த ஒரு சமதரையில் போய் முட்டி நின்றுவிடும். நீங்கள் நடக்கும் சாலை திடீரென்று ஒரு தட்டையான வெளியில் முடிந்து, அப்பால் சரிவு மட்டுமே தெரிந்தால், கிளைக்குள் வந்துவிட்டீர்கள் என்று பொருள். புதருக்குள் புகுந்து குறுக்கு வழி தேடாமல் வந்த வழியே திரும்புங்கள்.

கைவிட்ட சாலையை அடையாளம் காண ஒரு மரம் உதவும். புல்டோசர் சுரண்டிய வெற்று மண்ணில் முதலில் முளைப்பது சிவப்பு ஆல்டர். அதன் வேரில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், வேறு மரம் பிழைக்காத இடத்திலும் அது செழிக்கும். கருத்த ஹெம்லாக், டக்ளஸ் ஃபர் ஆகிய ஊசியிலை மரங்களுக்கு நடுவே, சாம்பல் வெள்ளைப் பட்டையோடு ஒத்த வயதுள்ள ஆல்டர்கள் நாடாபோல் நீளமாக நின்றால், அங்கே ஒரு காலத்தில் சாலை இருந்தது.

வாலஸ் ஏரியில் பொதுவாக நேரும் பிழை திரும்பும்போதுதான் நேரும். சரளைச் சாலையில் இறங்கி வரும்போது, கிரெக் பால் பாதை ஓரமாகப் பிரியும் இடத்தைக் கவனிக்காமல் சாலையோடே போய்விடுவோம். பலகை இருந்தும் மூடுபனியில் நானே ஒருமுறை தவறவிட்டு அரை மணி நேரம் வீணாக நடந்திருக்கிறேன். ஏறும்போது அந்த இடத்தில் நின்று, திரும்பிப் பார்த்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள்.

பெரிய அடிக்கட்டைகளில் இரண்டு பக்கமும் கண்போல் பள்ளங்கள் இருக்கின்றனவே, அவை என்ன? (பெல்வியூ வாசகி)

அவை மரம் வெட்டியவர்கள் நின்ற இடம். பெருமரத்தின் அடிப்பகுதி யானைக்கால்போல் விரிந்திருக்கும், பிசினும் அதிகம். அங்கே அறுத்தால் வேலை இரட்டிப்பாகும். எனவே தரையிலிருந்து சில அடி உயரத்தில் கோடரியால் ஒரு பள்ளம் வெட்டி, நுனியில் இரும்புக் கொளுவி உள்ள பலகையை அதில் செருகி, அதன்மேல் ஏறி நின்று இருவர் எதிரெதிராக நீண்ட இரம்பத்தை இழுத்தார்கள். சிடார் கட்டை எளிதில் மக்காது. அதனால்தான் கோடரி விழுந்த வெட்டின் விளிம்பு இன்றும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. கையை உள்ளே விட்டால் ஈரப் பாசியும், அதற்கடியில் சதுரமாகச் செதுக்கிய தளமும் தெரியும். கட்டையின் தலையில் சிவப்பு ஹக்கில்பெர்ரிச் செடி முளைத்திருந்தால், கோடையில் பழம் பறிக்கலாம். புளிப்பு, நம் களாக்காயை நினைவூட்டும்.

கரடி வருமா?

கருங்கரடியும், மலைச்சிங்கம் எனப்படும் பூமாவும் இக்காடுகளில் உண்டு. பேச்சுக் குரல் கேட்டாலே பெரும்பாலும் விலகிவிடும். எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். தயிர்சாதப் பொட்டலத்தையும் முறுக்குத் துகளையும் கரையில் விட்டுவிட்டு வருவதுதான் கரடியை அழைக்கும் வழி.

மீன் பிடிக்கலாமா?

15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மாநில உரிமம் வேண்டும். அந்த ஆண்டின் விதிகளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நவம்பரில் போகலாமா? மழைக்கோட்டு இருக்கிறது. (எவரெட் வாசகர்)

போகலாம், எனக்குப் பிடித்த மாதமும் அதுதான், கூட்டம் இருக்காது. ஆனால் மழைக்கோட்டுக்கு உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்பதே கேள்வி. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் வியர்வையில் நனைந்தால் உலராது. ஏரிக்கரையில் பத்து நிமிடம் உட்கார்ந்ததும் பல் கிட்டிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழைத் துணி அணிந்து, உலர்ந்த ஒரு மேல்சட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பொழுதையும் கணக்கிடுங்கள். டிசம்பரில் நாலரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டும். மதியம் ஒரு மணிக்கு ஏரியை அடையவில்லை என்றால் இருக்கும் இடத்திலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது என் வழக்கம். நெற்றி விளக்கு ஆளுக்கு ஒன்று.

வாலஸ் என்பவர் யார்? (போதல் மாணவர்)

வாலஸ் என்று ஒருவர் இல்லை. அங்கே முதலில் நிலம் பெற்றுக் குடியேறியவர்கள் ஸ்கைகோமிஷ் பழங்குடியைச் சேர்ந்த ஜோ, சாரா குவயெல்ஷ் ஆகியோர். அவர்கள் குடும்பப் பெயர் வெள்ளையர் வாயில் வாலஸ் ஆகிவிட்டது. தூத்துக்குடி டூட்டிகோரின் ஆனதைக் கண்ட நமக்கு இது புதிதல்ல.

என் ஐந்து வயது மகள் பாதையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய நத்தையை, ஓடே இல்லாமல், பார்த்துத் தொட்டுவிட்டாள். விஷமா? (ரென்டன் வாசகர்)

அது வாழைப்பழ ஓடிலி நத்தை, விஷமில்லை. அதன் கோழையில் மரத்துப்போகச் செய்யும் தன்மை உண்டு. கடிக்க வரும் விலங்கின் வாய் மரத்துப்போகும். கையைத் தண்ணீரில் உடனே கழுவினால் இன்னும் வழுக்கும். முதலில் உலர்ந்த துணியால் தேய்த்து உருட்டி எடுத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். அவள் சாப்பிடுவதற்கு முன்பு, கட்டாயம்.