மலைநாட்டுத் தச்சுப் பட்டறையில் சாண்டர் மெஷினைக் கவனமாகப் பாவிப்பது எப்படி?

கேட்டவர் நுவரெலியாப் பக்கம் சின்னதாகப் பட்டறை போட்டிருக்கிறார். சாண்டர் என்றால் மரத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் மின் மெஷின். புதிதாக ஒரு வட்டச் சாண்டரும் (வட்டத் தேய்ப்புத் தாள் சுழல்வது), கைமாறி வந்த ஒரு பெல்ட் சாண்டரும் (தேய்ப்புத் தாள் பட்டியாக ஓடுவது) வைத்திருக்கிறாராம். நான் ஹட்டனில் மாமாவின் பட்டறையில் வேலை பழகியவன். அங்கே பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் மப்ளரைக் கழற்றுங்கள். பழகவந்த புதிதில், ஆடிமாதக் குளிரில் மப்ளரோடு பெல்ட் சாண்டர் மேல் குனிந்தேன். தொங்கிய நுனியை பெல்ட் இழுத்துக்கொண்டது. முகத்துக்கும் மெஷினுக்கும் ஒரு சாண் இருக்கும்போது மாமா பிளக்கைப் பிடுங்கினார். அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. இப்போது குளிருக்கு உடம்போடு ஒட்டிய ஸ்வெட்டர்தான். கம்பளிக் கையுறையும் வேண்டாம், அதுவும் சிக்கும்.

அடுத்தது கரண்ட் கட். விரலை எடுத்தாலும் விசை அழுந்தியபடியே இருக்க பெல்ட் சாண்டரில் ஒரு லொக் பட்டன் இருக்கும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது கரண்ட் போனதும் மெஷினை அப்படியே மேசையில் போட்டுவிட்டு பிளேன்டி குடிக்கப் போய்விட்டோம். கரண்ட் வந்ததும் அது தானாகவே மேசையில் ஓடி, தரையில் விழுந்து மூக்குடைந்தது. யாருடைய காலிலும் விழாதது அதிர்ஷ்டம். கரண்ட் போனால் லொக்கை விடுவித்து பிளக்கைக் கழற்றுங்கள். தாள் மாற்றும்போதும் அப்படியே.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. நம் பக்கத்தில் இதைவிட மோசமானது தூள். பனி உள்ளே வரும், மரம் ஈரம் இழுக்கும் என்று ஜன்னல் கதவையெல்லாம் அடைத்துவிட்டுத் தேய்ப்போம். தூள் அத்தனையும் உள்ளேயே சுற்றும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே வகைப்படுத்திவிட்டது, முக்கியமாக மூக்கிலும் சைனஸிலும். சந்தனம் மாதிரி வாசம் வந்தாலும் தூள் தூள்தான். துணி மாஸ்க் இதற்குப் போதாது, என்95 வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தால் நுழையும். வேக்குவம் இருந்தால் மெஷினோடு இணையுங்கள். வட்டச் சாண்டரில் தாளின் துளைகள், தாள் ஒட்டும் அடித்தட்டின் துளைகளோடு நேராக உட்காராவிட்டால் தூள் உறிஞ்சப்படாது. பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை.

பட்டறை மூலையில் கரியடுப்பு வைத்துக் குளிர் காய்கிற பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பழைய பலகையில் மறைந்த ஆணியில் பெல்ட் உரசினால் பொறி பறக்கும். அது தூள் பைக்குள் போய் வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். பையை மாலையிலேயே வெளியில் கொட்டுங்கள்.

தேய்க்கும் முறை சுலபம். தாளின் எண்ணில் 80, 120, 180 என்று ஏறுங்கள் (எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும்), மெஷினை அழுத்தாதீர்கள். அதன் எடையே போதும். அழுத்தினால் பலகையில் சுருள் சுருளாகக் கோடு விழும், அடித்தட்டின் வெல்க்ரோவும் சூட்டில் உருகிப் பிடிப்பு விடும். எனக்கு ஒரு தட்டு அப்படித்தான் வீணானது.

பெல்ட்டின் இரு முனைகளும் பசையால் ஒட்டியவை. ஈரக்காற்று பட்டால் அந்த ஒட்டு பலவீனமாகி, ஓடும்போதே அறுந்து அடிக்கும். நாங்கள் பிஸ்கட் டின்னில் மூடிவைக்கிறோம். மாட்டும்போது, ஓடும் திசையைக் காட்டும் உள்பக்க அம்புக்குறியைப் பாருங்கள். காற்றுத் துவாரங்களை அவ்வப்போது ஊதித் துடையுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. மோட்டரில் வழக்கத்தைவிட அதிகமாகப் பொறி தெரிந்தால் கார்பன் பிரஷ் (மோட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கலாம், சோடியாக மாற்றுங்கள்.

அப்புறம், பழைய தோட்ட பங்களாக்களின் கதவு, ஜன்னல் வேலை வந்தால் பெயிண்டை மெஷினால் தேய்க்கவே வேண்டாம். அந்தக்காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அது தூளாகப் பறந்து வீட்டுப் பிள்ளைகள் வரைக்கும் போகும். நனைத்துக் கையால் சுரண்டுங்கள், சுரண்டியதைப் பையில் கட்டுங்கள். அந்த வேலைக்குக் கூலியைக் கூட்டிக் கேட்பதில் தப்பில்லை.