நல்ல நூலகம் பக்கத்தில் இருந்தால் பள்ளியும் கல்லூரியும் தேவையா?

பள்ளியில் சொல்லிக்கொடுப்பதை ஒரு நல்ல பொது நூலகத்தில் உட்கார்ந்து நாமே படித்துக்கொள்ள முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பகுதி முடியும். நானே அப்படிப் படித்தவன்தான். ஆனால் அது எந்த இடத்தில் கைவிடும் என்பதையும் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பாத்திரம் அடுக்குவது, எடை போடுவது, அப்புறம் பில் எழுதுவது. கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் உடம்பு முடியாமல் நின்றதும் முதலாளி, "நீ கொஞ்ச நாள் பார்த்துக்கோப்பா" என்று பேரேட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்குப் பற்றும் (டெபிட்) தெரியாது, வரவும் (கிரெடிட்) தெரியாது.

நாலு தெரு தள்ளிக் கிளை நூலகம். காலை எட்டுக்குத் திறப்பார்கள், கடை ஒன்பதரைக்கு. அந்த ஒன்றரை மணி நேரம்தான் என் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அன்றைக்குக் காலையில் என்ன செய்வதென்றே தெரியாது. மேல்நிலை வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். வயது என்ன, மார்க் என்ன என்று யாரும் கேட்கவில்லை. தேய்மானம் என்ற ஒரே பாடத்தில் மூன்று வாரம் கிடந்தேன். வகுப்பறையில் அப்படிக் கிடக்க விட்டிருக்க மாட்டார்கள். வாசகர்கள் திருப்பிக் கொடுத்த நூல்களைப் போட்டுவைக்கும் மேசையில் ஒருநாள் சோழர் கால வணிகக் குழுக்களைப் பற்றிய நூல் ஒன்று கிடந்தது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் பெயரையே அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் வேண்டும் என்பது. அந்த மேசையை நினைக்கும்போதெல்லாம் இந்த விதியும் நினைவுக்கு வரும்.

சரி, கைவிட்ட இடத்துக்கு வருகிறேன். கடைப் பணத்தை வங்கியில் கட்டினால் பாஸ்புக்கில் 'வரவு' என்று விழும். நானும் என் ஏட்டில் வங்கிக் கணக்கில் அதை வரவு என்றே எழுதினேன். நாலு மாதம் இப்படியே ஓடியது. இருப்பு உதைத்தது. கூட்டலில்தான் பிழை என்று நினைத்து ராத்திரியெல்லாம் திரும்பத் திரும்பக் கூட்டினேன். நூலகத்துக்கு நாளிதழ் படிக்க வரும் ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவரிடம் கடைசியில் நோட்டை நீட்டினேன். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, பாஸ்புக்குங்கிறது உன் கணக்கை அவங்க எழுதுறது. நீ கட்டின பணம் அவங்க உனக்குத் தர வேண்டிய கடன், அதனால அவங்களுக்கு வரவு. உனக்கு அது பற்று" என்றார். அவ்வளவுதான்.

இந்த விளக்கம் நான் படித்த நூலிலேயே இருந்தது. இரண்டு முறை படித்தும் இருக்கிறேன். புரிந்துவிட்டது என்று நினைத்துத்தான் பக்கத்தைத் திருப்பினேன். நாம் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்பது நூலுக்குத் தெரியாது. நம் நோட்டை வாங்கிப் பார்க்கிற ஓர் ஆளுக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தின் மதிப்பு எனக்கு விளங்கியது அங்கேதான். சான்றிதழ் வேலைக்கு வேண்டும், உண்மை. ஆனால் தனித்தேர்வராக எழுதி அதைப் பிறகு நான் வாங்கிவிட்டேன். திருத்துகிற ஆளை அப்படி வாங்க முடியாது.

எங்கள் ஊர்க்காரர் ராமானுஜன் கதையும் இதைத்தான் சொல்கிறது. இங்கே டவுன் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது, 1903 வாக்கில், அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து ஜி. எஸ். கார் தொகுத்த கணிதச் சுருக்கநூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்குப் பாடம் சொன்னவர் கார். ஆயிரக்கணக்கான தேற்றங்களை வரிசையாக அடுக்கியிருந்தாரே தவிர, பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் கிடையாது, சின்னக் குறிப்புதான். ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்த்துத்தான் ராமானுஜன் வளர்ந்தார். கல்லூரியோ அவரைத் தாங்கவில்லை. மற்ற பாடங்களில் தோற்றதால் உதவித்தொகை போனது. பிறகு பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்து இடைநிலைக் கல்லூரித் தேர்விலும் தேறவில்லை. கணக்கில் அப்படி ஒரு பிள்ளையை மற்ற பாடங்களைக் காரணம் காட்டி வெளியே அனுப்பிய முறையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

பாதிக் கதைதான் இது. அந்த ஒற்றை நூலுக்கு அப்பால் ஐரோப்பாவில் கணிதம் எங்கேயோ போயிருந்தது. அது அவருக்கு எட்டவில்லை. ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்ட பலவற்றைத் தனியாக மறுபடியும் கண்டுபிடித்தார். பகா எண்களைப் பற்றி அவர் எழுதிய சில முடிவுகள் தவறாகவும் இருந்தன. கலப்பெண் சார்புகள் என்ற உயர்கணிதப் பகுதியின் கோட்பாடு தெரியாமல் அந்தத் தவறு கண்ணுக்குப் படாது. 1913இல் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதி, 1914இல் அங்கே போன பிறகுதான் எது புதிது, எது பழையது, எது பிழை என்று பிரித்துச் சொல்ல அவருக்கு ஆள் கிடைத்தது. ராமானுஜனுக்கே அப்படி ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஆகவே பள்ளியில் இருக்கும் பிள்ளையை நிறுத்தாதீர்கள். நூலகத்தை நம்பிப் படிப்பை நிறுத்தலாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பள்ளியை ஏற்கெனவே விட்டவர் என்றால் நாளைக்கே நூலகம் போங்கள். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல் நம் சென்னை மாகாணத்தில்தான். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அது நம் காசில் நடக்கும் இடம், தயங்க வேண்டாம். சென்னையில் என்றால் எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். அண்ணா நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் உண்டு.

சிறிய ஊர் என்றாலும் பரவாயில்லை. படிப்பதை ஒரு நோட்டில் போட்டுப் பாருங்கள், வாரம் ஒருமுறையாவது விஷயம் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள். தினமும் வந்து உட்காருகிறவர்களில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியராவது இருப்பார், நூலகரிடம் கேட்டால் ஆளைக் காட்டுவார். வேண்டிய நூல் இல்லையென்றால் அதையும் நூலகரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் எழுதிக் கொடுத்த அடக்கவிலைக் கணக்கியல் நூல் ஐந்து மாதம் கழித்து வந்தது. முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டுத்தான் கொடுத்தார்.