ராத்திரி பஞ்சு, காலையில் கல்: வீட்டில் சுடும் இனிப்பு பன் ஏன் இறுகுகிறது?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பிள்ளைகள் இரண்டு பேரும் காலையில் இட்லி, தோசை என்றாலே முகம் சுளிக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டில் செய்த இனிப்பு பன் கொடுக்கலாம் என்று 28 லிட்டர் ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்) வாங்கினேன். ராத்திரி சுட்டு எடுக்கும்போது பஞ்சு மாதிரி இருக்கிறது. ஆறியதும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். காலையில் எடுத்தால் கல். மாவைக் கையில் ஒட்டாத பதத்துக்குத்தான் பிசைகிறேன். 200 டிகிரியில் நன்றாகச் சிவக்கும்வரை, அரை மணி நேரம் விடுகிறேன். மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். கோதுமை மாவு, நாட்டுச்சர்க்கரை போட்டால் வருமா? ஏழேகாலுக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும்."

முதலில் அந்த டப்பாவை ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

மிச்சமான சோற்றை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் விறைத்துக்கொண்டு நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதையே ஆவியில் சூடு பண்ணினால் மறுபடி குழைந்துவிடும். பன்னிலும் நடப்பது இதேதான். மாவுச்சத்து 60 டிகிரிக்கு மேல் தண்ணீரைக் குடித்துப் பருத்து மெத்தென்று ஆகிறது. ஆறும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இறுகிக் கட்டிக்கொள்கிறது. இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் குளிரில். ஃப்ரீசரில் உறைந்துவிட்டால் கிட்டத்தட்ட நின்றே போகும். அதாவது வெளியே வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஃபிரிட்ஜ்தான் பன்னுக்கு ஆகாத இடம்.

'காய்ந்துபோனதால் கெட்டியாகிவிட்டது' என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852-லேயே இதைச் சோதித்துப் பார்த்தார். ஈரம் துளிகூட வெளியேறாதபடி மூடி வைத்த ரொட்டியும் இறுகத்தான் செய்தது. அதைச் சூடு பண்ணியபோது மறுபடி மிருதுவானது. அதனால் எவ்வளவு நல்ல டப்பா வாங்கினாலும், அதைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தால் பலன் இல்லை.

அடுத்தது பிசைகிற பதம். 'கையில் ஒட்டாத பதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது சப்பாத்தி மாவின் பதம். சின்ன வயதிலிருந்து சப்பாத்திக்கும் பூரிக்கும் பிசைந்து பழகிய கை நம்முடையது; மாவு விரலில் ஒட்டினாலே இன்னொரு பிடி மாவைத் தூவச் சொல்லும். பன் விஷயத்தில் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் அடக்க வேண்டும். பரோட்டா கடையில் மாஸ்டர் மாவு பிசைவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? தளதளவென்று இருக்கும், தூக்கினால் தொங்கும், மேடையில் அடித்து இழுப்பார், இழுத்த இழுப்புக்கு வரும். பன் மாவு அந்தப் பக்கம் இருக்க வேண்டியது. ஆரம்பத்தில் பிசுபிசுவென்று ஒட்டும். பத்து நிமிடம் அடித்துப் பிசைந்த பிறகு தானாகக் கையை விடும். அதற்குள் பொறுமை இழந்து மாவு தூவினால், நாளைக் காலையின் மெத்துமெத்துப்பை இப்போதே எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நானும் முதல் ஒரு வருடம் முழுக்கத் தூவிக்கொண்டேதான் இருந்தேன். எடைத் தராசு வாங்கிய பிறகுதான், ஒவ்வொரு முறையும் 50 கிராம் வரை கூடுதலாக மாவு உள்ளே போயிருக்கிறது என்பது தெரிந்தது. கப் கணக்கை விட்டுவிட்டு ஒரு சமையலறைத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். புது டிரே, புது அச்சு எல்லாம் அப்புறம்.

மூன்றாவது, 200 டிகிரியில் அரை மணி நேரம். 70 கிராம் பன்னுக்கு இது மிக அதிகம். உள்ளே இருக்கும் ஈரமெல்லாம் போய், மேல்பாகம் தடித்துவிடும். 180 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம் போதும். ஆனால் ஓடிஜியின் குமிழில் 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பத்து இருபது டிகிரி கூடவோ குறையவோ இருப்பது சகஜம். உள்ளே தொங்கவிடும் சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி ஒரு நாள் சோதித்துவிட்டால், உங்கள் ஓடிஜியின் குணம் தெரிந்துவிடும்.

சரி, இப்போது செய்முறை. இதில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது ஒன்றுதான்: மாவில் ஒரு சின்னப் பங்கை முன்னாலேயே கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்த்துவிடுங்கள். சீனாவில் இதை டாங்ஜோங் என்கிறார்கள். ஜப்பானில் கொதிநீரை மாவில் ஊற்றிச் செய்யும் இதே போன்ற முறைக்கு யுடானே என்று பெயர். பச்சை மாவு தாங்கும் தண்ணீரைவிட வெந்த மாவு பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் பிசையும்போது தொந்தரவு தராது, சுடும்போதும் சுலபமாக ஆவியாகாது. மறுநாளும் பன் மெத்தென்று இருப்பதற்கு வீட்டில் செய்யக்கூடிய வழிகளில் இதைவிடச் சிறந்ததை நான் பார்க்கவில்லை.

20 கிராம் மைதா, 100 மில்லி தண்ணீர். ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்கு. கட்டி இல்லாமல் கரைத்துவிட்டுச் சின்ன வாணலியில், மிகக் குறைந்த தீயில் வைத்துக் கிண்டுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது, வெறும் வெள்ளைத் தண்ணீராகவே இருக்கும். பிறகு திடீரென்று அடியில் லேசாகக் கூழ் பிடிக்கும். கரண்டியால் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் வாணலியின் அடி தெரிந்து, மெதுவாக மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் அடுப்பை அணையுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 65 டிகிரி. குழந்தைக்குக் காய்ச்சும் கஞ்சியைவிடக் கொஞ்சம் கெட்டி, அல்வாப் பதம் வரை போகக் கூடாது. வழித்துக் கிண்ணத்தில் போட்டு, ஆடை படியாமல் மேலே ஒரு தட்டை ஒட்டினாற்போல மூடி ஆறவிடுங்கள்.

மீதி மைதா 280 கிராம், காய்ச்சி ஆறவைத்த பால் 110 மில்லி, சர்க்கரை 45 கிராம், உப்பு 5 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம் (சுமார் ஒன்றேகால் டீஸ்பூன்), மெத்தென்ற வெண்ணெய் 35 கிராம். பச்சைப் பாலில் உள்ள சில புரதங்கள் மாவின் இழுவையைக் குறைக்கும். அதனால்தான் மேல்நாட்டுக் குறிப்புகளில் 'பாலைக் காய்ச்சி ஆறவைக்கவும்' என்று தனியாக எழுதுவார்கள். நம் வீடுகளில் பால் காயாமல் இருப்பதே இல்லை என்பதால் அந்த வேலை மிச்சம். முட்டை இல்லாததைப் பற்றிக் கவலையே வேண்டாம். பெங்களூரு ஐயங்கார் பேக்கரிகளில் முட்டை போடாமலேயே எப்படிப்பட்ட பன் தருகிறார்கள் என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

வெண்ணெய் தவிர எல்லாவற்றையும், ஆறிய கஞ்சியோடு சேர்த்துக் கலந்து, மூடி 20 நிமிடம் சும்மா விடுங்கள். இந்த ஓய்வில் மாவு பாதித் தானாகவே பதத்துக்கு வந்துவிடும். பிறகு வெண்ணெயைச் சேர்த்துப் பிசையுங்கள். வெண்ணெய் போட்டதும் எல்லாம் பிரிந்து, வழுக்கி, கெட்டுப்போனது போலத் தெரியும். பயப்படாமல் தொடருங்கள். 12 முதல் 15 நிமிடம். நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து விரல்களால் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல், பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிய திரையாக வர வேண்டும். வராவிட்டால் இன்னும் மூன்று நிமிடம்.

இனி நேரக் கணக்கு. ராத்திரி சுட்டுக் காலையில் கொடுப்பதை விட்டுவிடுங்கள். ராத்திரி உருட்டி வைத்துக் காலையில் சுடுங்கள். ஆறிய பன்னுக்கு ஆகாத ஃபிரிட்ஜ், சுடாத மாவுக்கு நல்ல துணை. குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், வாசனையும் கூடும்.

ஒன்பது மணிக்குள் பிசைந்து முடித்தால், திருச்சி வெக்கையில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்தில் மாவு இரட்டிப்பாகிவிடும். இட்லி மாவு மாதிரி ராத்திரி முழுக்க வெளியே விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. இட்லி மாவு தானாகப் புளிப்பது, அது வேறு கணக்கு. நாம் போடும் ஈஸ்ட் அதைவிடப் பல மடங்கு வேகமானது. விடிவதற்குள் மாவு பொங்கி, அமுங்கி, சாராய நெடி அடிக்கும். இரட்டிப்பானதும் காற்றை அமுக்கிவிட்டு எட்டு உருண்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 70 கிராமுக்குச் சற்று மேலே இருக்கும். உள்ளங்கையைக் கிண்ணம் போல் குவித்து, மேடையில் வைத்து உருட்டினால் மேல்பாகம் இழுபட்டு வழவழப்பாகும். வெண்ணெய் தடவிய டிரேயில் ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பன்தான் பக்கங்களில் காயாமல் இருக்கும். இறுக்கமாக மூடி, ஃபிரிட்ஜின் உள்பக்கத் தட்டில் வையுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம்.

காலையில் ஐந்து மணிக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டு உங்கள் மற்ற வேலைகளைப் பாருங்கள். ஐந்தே முக்காலுக்கு ஓடிஜியை இரண்டு கம்பியும் எரிய 190-ல் வையுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து, மாவின் ஓரத்தை ஈர விரலால் மெல்ல அழுத்துங்கள். பள்ளம் மெதுவாக, பாதி மட்டும் மேலே வந்தால் தயார். சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் பத்து நிமிடம். மேலே பால் தடவி, நடுத் தட்டுக்கு ஒரு படி கீழே வைத்து, சூட்டை 180-க்குக் குறையுங்கள். 18-ஆம் நிமிடத்தில் பாருங்கள். தேன் நிறத்துக்கும் செம்பழுப்புக்கும் நடுவில் வந்ததும் எடுத்துவிடுங்கள், 'இன்னும் கொஞ்சம்' வேண்டாம். எடுத்த உடனே மேலே வெண்ணெய் தடவி, சுத்தமான பருத்தித் துணியால் பத்து நிமிடம் மூடுங்கள். தன் ஆவியிலேயே மேல்பாகம் மிருதுவாகும். ஆறரை, ஆறே முக்காலுக்குள் பிள்ளைகள் பிய்த்துச் சாப்பிடலாம்.

தேங்காய்ப் பூரணம் வைக்க ஆசை வந்தால், துருவலை நெய்யில் ஈரம் போக வதக்கி, சர்க்கரை, ஏலக்காய், டூட்டி ஃப்ரூட்டி சேர்த்து நன்றாக ஆறிய பிறகு வையுங்கள். தேங்காய் பன்னை அன்றே தீர்த்துவிட வேண்டும். நம் ஊர் சூட்டில் மறுநாள் ஊசிவிடும்.

கோதுமை மாவு கேட்டிருந்தீர்கள். பாதிக்குப் பாதி போடுங்கள், நன்றாக வரும். கோதுமைத் தவிடு கூடுதல் தண்ணீர் கேட்கும், அதனால் பாலை 20 மில்லி கூட்டி, கலந்த பிறகு விடும் ஓய்வையும் அரை மணி நேரமாக்குங்கள். முழுக்கவே கோதுமை என்றால் சுவையான பன் கிடைக்கும், ஆனால் பஞ்சு கிடைக்காது. தவிடு மாவின் இழைகளை அறுத்துவிடும். நாட்டுச்சர்க்கரையை அதே எடைக்குப் போடலாம். சலித்துப் போடுங்கள், மண் இருக்கும். பால் முழுக்க ஆறிய பிறகே சேருங்கள், சூட்டில் சேர்த்தால் திரிந்துவிட வாய்ப்பு உண்டு. சீக்கிரம் சிவக்கும் என்பதால் 15-ஆம் நிமிடத்திலேயே ஒரு கண் வையுங்கள்.

கடை பன் மட்டும் மூன்று நாள் எப்படி மெத்தென்று இருக்கிறது என்று ஒரு சந்தேகம் வரும். பாக்கெட்டைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்: எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடிக்கும் பொருட்கள், பூஞ்சைக்கு எதிராக 282 என்று எண் போட்ட கால்சியம் புரோபியோனேட், மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அனுமதிக்கப்பட்டவைதான். ஒரு காலத்தில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை மட்டும் 2016-இல் இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். இவை எதுவும் இல்லாத நம் பன், கஞ்சி முறையில் செய்தால் ஒன்றரை நாள் தாங்கும். அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மிச்சமானால் முழுக்க ஆறிய பிறகு ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் போடுங்கள். தேவைப்படும் நாளில் அரை மணி நேரம் வெளியே வைத்து, இட்லிப் பானையில் துணியில் சுற்றி மூன்று நிமிடம் ஆவி காட்டினால் அப்போது சுட்டது போல இருக்கும். துணியை மறந்தால் மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர் பன்னை நனைத்துவிடும். மைக்ரோவேவ் என்றால் 15 விநாடிக்கு மேல் வேண்டாம், உடனே சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் ரப்பர்.

முதல் முயற்சியை ஒரு சனிக்கிழமை ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வேன் கிடையாது. ஐந்து மணிக்கு எடுத்த மாவு எத்தனை நிமிடத்தில் பதத்துக்கு வந்தது, எத்தனையாவது நிமிடத்தில் நிறம் வந்தது என்று இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளில் குறித்து ஒட்டிவிட்டால், திங்கட்கிழமைக்கு உங்கள் அடுப்பின் கணக்கு உங்களிடமே இருக்கும்.