அடுப்பு என்றால் அடுப்பா?

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்பு வீட்டுக்கு வந்த புதிதில் முதலில் என்ன சமைத்தீர்கள்?
- ஒரு வாசகி, அங் மோ கியோ

பதில்: நீங்கள் கேட்டது சமையலை, என் கண்ணில் விழுந்தது 'அடுப்பு'. தீயும் இல்லை, புகையும் இல்லை, அப்புறம் என்ன அடுப்பு என்று முன்பு இதே பக்கத்தில் எழுதப்போக, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் போட்டார். 'அடுதல்' என்றால் சமைத்தல், அதிலிருந்து வந்ததே அடுப்பு, தீ இருந்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லையாம். ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அடுதலுக்குக் கொல்லுதல் என்றும் பொருள் உண்டே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1986இல் சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

முட்டையை ஓட்டோடு உள்ளே வைத்தேன். தண்ணீர்கூட வேண்டாம் என்று யோசனை சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டில் அந்தப் பெட்டியே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முட்டைக்குள் இருந்த ஈரம் ஆவியாகி, போக வழியில்லாமல் ஓட்டைப் பிளந்துகொண்டு கிளம்பியது. மனைவி கூடத்திலிருந்து எழுந்துகூட வரவில்லை. "இந்த ஊர்ல பட்டாசுக்கு 1972லயே தடை போட்டாச்சு, தெரியுமில்ல?" என்றார்.

மறுவாரம் அதில் தாளிக்கப் பார்த்தோம். வெடிக்க வேண்டிய கடுகு கம்மென்று கிடந்தது. எண்ணெய் இல்லாமலே பொரிந்த அப்பளம்தான் கடைசியில் என் மானத்தைக் காப்பாற்றியது.

இதற்கெல்லாம் காரணம் இந்த அடுப்பைக் கண்டுபிடித்த அமெரிக்கரான பெர்சி ஸ்பென்சர். 1945இல் ரேடாருக்காக மைக்ரோவேவ் அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் குழாய் அருகே நின்றபோது அவர் சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகிவிட்டது. நானாக இருந்தால் சட்டையைத் துவைக்கப் போட்டிருப்பேன். அவர் சோளப்பொரி பொரித்துப் பார்த்தார். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் பெட்டி ஆள் உயரம், எடை சுமார் 340 கிலோ.

நல்லவேளை, எங்களுடையது ஓர் ஆள் தூக்கக்கூடியது. அதற்கே பட்ட பாடு! எங்கள் வீடு ஏழாவது மாடி. அந்தக் காலத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் புளோக்கில் ஐந்தில் நிற்கும், அடுத்து ஒன்பதில். ஐந்தில் இறங்கி ஏற்றுவதா, ஒன்பதுக்குப் போய் இறக்குவதா என்று எனக்கும் மச்சானுக்கும் கீழ்த்தளத்திலேயே வாக்குவாதம். ஏற்றலாம் என்றவன் நான். முதுகு இன்னும் வலிக்கிறது.